எக்ஸ்70 பைப்லைன் தகடு: வலிமை எளிது, டஃப்னஸ்தான் பரீட்சை

உயரழுத்த எரிவாயுக் குழாய்க்குத் தடித்த தகடு வாங்க உட்கார்ந்தால் எக்ஸ்65, எக்ஸ்70, எக்ஸ்80 என்று மூன்று பெயர்கள் முன்னால் வரும்; எண் கூடக் கூட வலிமை கூடும். இந்த விமர்சனம் நடுவில் இருப்பதைப் பற்றியது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் குழாய்த் தரநிலையான ஏபிஐ 5எல்லில், கூடுதல் கடுமையான பிஎஸ்எல்2 பிரிவில் வரும் எக்ஸ்70எம் (எம் என்றால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி ரோல் செய்தது), தடிமன் 18 முதல் 35 மி.மீ. வரை, நீளவாக்கில் வெல்டு செய்யும் பெரிய விட்டக் குழாய்க்கானது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹைட்ரஜன் சல்பைடு கலக்காத எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் இதைவிடச் சமநிலையான தகடு இல்லை. ஆனால் ஒரே கிரேடு பெயரில் வரும் இரண்டு மில்களின் (எஃகுத் தகடு ஆலைகளின்) சரக்கு ஒன்றாக இருப்பதில்லை. 485 மெகாபாஸ்கல் ஈல்டு, அதாவது எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவு, எல்லோருக்கும் வந்துவிடும். 30 மி.மீ. தடிமனில், உறைநிலைக்குக் கீழே, ஓடி வரும் விரிசலை நிறுத்தும் டஃப்னஸ் (எளிதில் உடையாமல் தாங்கும் குணம்) எல்லோருக்கும் வராது. அந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது, வாங்குபவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

எக்ஸ்70 எதற்கு என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். 1,219 மி.மீ. வெளிவிட்டம், 10 மெகாபாஸ்கல் அழுத்தம், 0.72 டிசைன் காரணி (ஈல்டில் பயன்படுத்த அனுமதிக்கும் பங்கு) என்று வைத்துக்கொண்டால் எக்ஸ்65க்கு 18.8 மி.மீ., எக்ஸ்70க்கு 17.5 மி.மீ., எக்ஸ்80க்கு 15.3 மி.மீ. சுவர் தேவைப்படும். மீட்டருக்கு எடை முறையே ஏறத்தாழ 557, 517, 453 கிலோ. அதாவது எக்ஸ்65இலிருந்து எக்ஸ்70க்கு வந்தாலே 100 கிலோமீட்டருக்கு 4,000 டன் எஃகு மிச்சம். சுவர் மெலியும்போது வெல்டிங் நேரமும் குறைகிறது, ஏற்றி இறக்கும் செலவும் குறைகிறது. எக்ஸ்80க்குப் போனால் இன்னும் 6,400 டன் மிச்சப்படும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

டஃப்னஸை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1960இல் அமெரிக்காவில் 30 அங்குல எரிவாயுக் குழாய் ஒன்றை எரிவாயுவாலேயே அழுத்தச் சோதனை செய்தபோது கிளம்பிய விரிசல், நிற்காமல் சுமார் 13 கிலோமீட்டர் ஓடியது. குழாயின் வலிமையில் குறை இல்லை. அந்த வெப்பநிலையில் எஃகு கண்ணாடித் தன்மையோடு உடைந்ததுதான் காரணம். எண்ணெய்க் குழாயில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். எரிவாயு அப்படி இறங்காது. அது விரிந்துகொண்டே இருக்கும், விரிசலின் முனையைத் துரத்திக்கொண்டே போகும். எஃகு தானாக நிறுத்தினால்தான் உண்டு.

உள்ளே என்ன இருக்கிறது

ஏபிஐ 5எல் அனுமதிக்கும் கார்பன் 0.12 சதவீதம் வரை. நல்ல மில் எதுவும் அந்தப் பக்கம் போகாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய கலவை இப்படி இருக்கும்: கார்பன் 0.04 முதல் 0.06, மாங்கனீஸ் 1.55 முதல் 1.70, சிலிக்கன் 0.2 முதல் 0.3, நியோபியம் 0.04 முதல் 0.06, டைட்டானியம் 0.010 முதல் 0.018 சதவீதம். தடிமன் கூடக் கூட, ரோலிங்குக்குப் பின் பாய்ச்சும் தண்ணீரின் குளிர்ச்சி நடுப்பகுதியை எட்டுவது கஷ்டம் என்பதால் மாலிப்டினம், குரோமியம், நிக்கல், தாமிரம் ஆகியவற்றில் சிலதை 0.1 முதல் 0.3 வரை சேர்ப்பார்கள். தாமிரம் சேர்த்தால் கூடவே நிக்கலும் இருக்கிறதா என்று பாருங்கள். தாமிரம் தனியாக இருந்தால் உலையில் மேற்பரப்பில் திரண்டு, ரோலிங்கில் சின்னச் சின்ன வெடிப்புகளைக் கொடுக்கும்.

இந்தக் கலவையின் உயிர்நாடி நியோபியம். ஆனால் சான்றிதழில் 0.05 என்று எழுதியிருப்பதால் மட்டும் அது வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ஸ்லாபை, அதாவது தகடாக ரோல் செய்யப்படும் தடித்த எஃகுக் கட்டியை, சூடாக்கும்போது அது முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். கரையாமல் கிடக்கும் நியோபியம் கார்பைடு பெரிய துகளாகவே தங்கி, ரோலிங்கில் எந்த உதவியும் செய்யாது. பரவலாகப் பயன்படும் கரைதிறன் சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். கார்பன் 0.05, நியோபியம் 0.05, நைட்ரஜன் 0.004 இருந்தால் முழுக்கக் கரைய ஏறத்தாழ 1,130 டிகிரி போதும். கார்பன் 0.10 ஆனால் அதே நியோபியத்துக்கு 1,215 டிகிரி வேண்டும். அவ்வளவு சூட்டில் ஆஸ்டினைட் (சூடான எஃகின் படிக வடிவம்) தானியங்கள், அதாவது எஃகின் நுண்படிகங்கள், தாறுமாறாக வளர்ந்துவிடும். கார்பனைக் குறைப்பது வெல்டிங்குக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நியோபியத்தைக் கரைக்கவும் அதுவேதான் வழி. கார்பனை 0.03க்கு இறக்கி நியோபியத்தை 0.10 வரை ஏற்றும் ரகமும் உண்டு. அதற்கும் 1,155 டிகிரி சுற்றிலேயே கரைந்துவிடும். ரோலிங்கை அதிகச் சூட்டிலேயே முடிக்கலாம் என்பதால் பழைய, சக்தி குறைந்த மில்களுக்கு அது நல்ல வழி.

டைட்டானியம் விஷயத்தில் ‘கொஞ்சம் கூட இருக்கட்டுமே’ என்ற எண்ணம் கெடுதல். டைட்டானியம் நைட்ரைடு உருவாக எடை விகிதம் 3.42. நைட்ரஜன் 0.004 என்றால் டைட்டானியம் 0.014 கிட்ட நின்றால் சரி. விகிதம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கூடக்கூடாது. 0.025 தாண்டினால் எஃகு உறையும்போதே மைக்ரான் அளவுச் சதுரத் துண்டுகளாக டைட்டானியம் நைட்ரைடு விழும். மைக்ராஸ்கோப்பில் ஆரஞ்சு நிறக் கூர்முனைச் சதுரங்களாகத் தெரியும். சார்பி சோதனையில், அதாவது சிறு துண்டைச் சுத்தியால் அடித்து டஃப்னஸை அளக்கும் சோதனையில், குளிரில் உடைந்த துண்டை ஆராய்ந்தால் உடைப்பு தொடங்கிய புள்ளியில் அடிக்கடி இருப்பது இந்தச் சதுரம்தான்.

ரோலிங்: தகட்டின் தலையெழுத்து எழுதப்படும் இடம்

கலவை ஒன்றே ஆனாலும் ஒரு மில்லின் தகடு தேறுவதும் இன்னொரு மில்லின் தகடு தேறாததும் இங்கேதான். மேலே சொன்ன கலவைக்கு, ரோலரின் அடி விழுந்தபின் தானியங்கள் புதிதாகப் பிறப்பது நின்றுபோகும் வெப்பநிலை கணக்குப்படி 1,020 டிகிரி சுற்றில் வரும். இதற்கு மேலே செய்யும் ரோலிங், தானியங்களை உடைத்து உடைத்துப் புதிதாகச் சிறியதாக்கும். இதற்குக் கீழே செய்யும் ரோலிங், தானியங்களைத் தட்டையாக நசுக்கி நீட்டும். புதிய தானியம் பிறக்காது. அந்த நசுங்கிய தானியங்களின் எல்லைகளிலும் உள்ளே உண்டாகும் வரிகளிலும்தான் பின்னால், ஆறும் எஃகின் படிக அமைப்புகளான நுண்ணிய ஃபெரைட்டும் பெயினைட்டும் முளைக்கின்றன. வலிமையையும் டஃப்னஸையும் ஒரே நேரத்தில் கூட்டும் வழி தானியத்தைச் சிறிதாக்குவது மட்டும்தான். மற்ற எல்லா வழிகளும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கும்.

மோசமான இடம் நடுவில் இருக்கிறது. ஏறத்தாழ 1,020க்கும் 950க்கும் இடையில் ரோல் செய்தால் சில தானியங்கள் புதிதாகும், சில பழையபடியே பெரிதாகக் கிடக்கும். கலப்படத் தானியம் என்பார்கள். சராசரி எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். விரிசல் சராசரியைப் பார்த்து ஓடுவதில்லை, பெரிய தானியத்தைத் தேடிப் போகும். அதனால்தான் ரஃபிங் (அதிகச் சூட்டில் செய்யும் முதல் கட்ட ரோலிங்) முடிந்த தகட்டை ரோலர் மேசையில் சில நிமிடங்கள் நிறுத்தி ஆற விடுகிறார்கள். உற்பத்தி அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் காத்திருப்பு நேரம். ரோலிங் பதிவேட்டில் ரஃபிங் முடிந்த நேரம், ஃபினிஷிங் (கடைசிக் கட்ட ரோலிங்) தொடங்கிய நேரம், அந்த இரண்டு வெப்பநிலைகள் ஆகிய நான்கு எண்களைக் கேளுங்கள். தகட்டுக்குத் தகடு அவை எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்தாலே மில்லின் ஒழுங்கு தெரிந்துவிடும்.

அடுத்தது, எவ்வளவு நசுக்குவது. 25 மி.மீ. தகட்டுக்கு, நிறுத்தி வைக்கும் தடிமன் 85 முதல் 90 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் ஃபினிஷிங்கில் 70 சதவீதத்துக்கு மேல் குறைப்பு கிடைக்கும். இதையே 35 மி.மீ.க்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரை மடங்கு என்றால் 122 மி.மீ.இல் நிறுத்த வேண்டும். ஸ்லாப் 250 மி.மீ. என்றால் ரஃபிங்கில் செய்ய மிஞ்சுவது வெறும் 51 சதவீதம். அதிலும் ஒரு பகுதி அகலம் கொடுப்பதற்கே போய்விடும். தானியத்தைப் புதிதாக்கும் வேலை அரைகுறையாக நிற்கும். 300 மி.மீ. ஸ்லாப் உள்ள மில்லில் இது 59 சதவீதம். தடித்த தகட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஸ்லாப் தடிமனைக் கேட்பது, கலவையைக் கேட்பதற்குச் சமமான முக்கியம். ரஃபிங்கின் கடைசிப் பாஸ்கள் (தகடு ரோலர் வழியே போகும் முறைகள்) ஒவ்வொன்றிலும் குறைப்பு கனமாக இருக்க வேண்டும். ஐந்தாறு சதவீதமாகப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தால் அடி மேற்பரப்போடு நின்றுவிடும், நடுத்தடிமனில் ஒன்றும் நடக்காது. 30 மி.மீ. தாண்டிய தகடுகள் குளிர்ச் சோதனையில் தோற்பதற்கு நாம் பார்ப்பதில் முதல் காரணம் இதுதான்.

முடிக்கும் வெப்பநிலையிலும் எல்லை உண்டு. இந்தக் கலவைக்கு ஃபெரைட் பிறக்கத் தொடங்கும் ஏஆர்3 வெப்பநிலை 740 டிகிரி சுற்றில் வரும். ரோலிங்கை 780 முதல் 800இல் முடித்து, 760 இறங்குவதற்குள் தண்ணீருக்குள் அனுப்பினால் நல்லது. நீளமான தகட்டில் தலை நுழைந்து வால் நுழைவதற்குள் வால் ஆறிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஏஆர்3க்குக் கீழே போய் ரோல் செய்தால் பிறந்த ஃபெரைட்டும் நசுங்கும். வலிமை கூடும், எண் அழகாக வரும். ஆனால் சோதனைத் துண்டு உடையும்போது தடிமனின் நடுவில் தகட்டுக்கு இணையாகப் பிளவுகள் விழும். செபரேஷன் என்பது இதுதான். பழைய எக்ஸ்70 தகடுகளில் இது சகஜமாக இருந்தது. புதிய தகட்டில் இதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

தண்ணீர்

1980இல் ஜப்பானின் புகுயாமா ஆலையில் தகடு மில்லுக்கான ஆன்லைன் விரைவுக் குளிர்விப்பு தொழில்முறையில் வந்தது. அதன்பிறகுதான் இவ்வளவு குறைந்த கார்பனில் இவ்வளவு வலிமை கைக்கு எட்டியது. இன்று எக்ஸ்70க்கு வழக்கமான குளிர்விப்பு நொடிக்கு 10 முதல் 25 டிகிரி, நிறுத்தும் வெப்பநிலை 400 முதல் 520. நிறுத்தும் வெப்பநிலை 550 தாண்டினால் ஃபெரைட்டும், பியர்லைட் என்ற கார்பைடு கலந்த அமைப்பும் அடுக்கடுக்காக வரும், வலிமை போதாது. 350க்குக் கீழே போனால் மேற்பரப்பு கடினமாகும், தகடு படகாக வளையும், உள்ளே மார்டென்சைட்-ஆஸ்டினைட் எனும் கடினமான சிறு தீவுகள் பெருகி டஃப்னஸைத் தின்னும்.

தண்ணீரின் உண்மையான சிக்கல் சீரின்மை. அதிகச் சூட்டில் தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நீராவிப் படலம் இருக்கும். வெப்பம் மெதுவாகவே போகும். மேற்பரப்பு குளிர்ந்ததும் படலம் உடையும், திடீரென்று பல மடங்கு வேகத்தில் வெப்பம் உறிஞ்சப்படும். எந்த இடத்தில் முதலில் உடைகிறதோ அந்த இடம் மட்டும் கடினமாகிவிடும். ஆக்சைடுச் செதில் தடித்திருக்கும் இடங்களில் படலம் சீக்கிரம் உடையும். ஆக, உயரழுத்தத் தண்ணீரால் செதிலை நீக்கும் வேலை அழகுக்கானது அல்ல. ஓர் ஓரத்தில் நாசில் அடைத்துக்கொண்டால் தகடு முழு நீளத்துக்கும் ஒரு கோடு மாறுபட்ட எஃகாக வந்துவிடும். சான்றிதழுக்கு வெட்டும் சோதனைத் துண்டு அந்தக் கோட்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

டிடபிள்யூடிடி: மில்களைப் பிரிக்கும் சோதனை

சார்பி சோதனையில் இன்றைய எக்ஸ்70 தகடு 250, 300 ஜூல் என்று சாதாரணமாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 10 மி.மீ. சதுரத் துண்டில் கிடைப்பது 30 மி.மீ. தகட்டின் நடத்தை அல்ல. விரிசல் தொடங்குவதற்குச் செலவான சக்தியும் அதில் சேர்ந்தே வருகிறது. நம்ப வேண்டியது டிராப் வெயிட் டியர் டெஸ்ட், அதாவது டிடபிள்யூடிடி. 305 மி.மீ. நீளம், 76 மி.மீ. அகலத் துண்டில், 5 மி.மீ. ஆழத்துக்கு உளியை அழுத்தி நாட்ச் (வெட்டுப்பள்ளம்) போட்டு, குளிர வைத்து, ஒரே அடியில் உடைப்பார்கள். உடைந்த முகத்தில் மங்கலான, நார்நாராக இழுபட்ட பகுதி எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். ஒரு செட்டின் சராசரி 85 சதவீதம் இருக்க வேண்டும்.

முகத்தை நேரில் பாருங்கள், எண்ணோடு நிற்காதீர்கள். நல்ல தகட்டின் முகம் சாம்பல் நிறத்தில், இரு பக்கமும் 45 டிகிரியில் சாய்ந்து, துணி கிழிந்த மாதிரி இருக்கும். கெட்ட தகட்டில் நடுத்தடிமனில் பளபளக்கும் படிகப் புள்ளிகள் அம்பு முனைகளாக ஓடும். அம்பு காட்டும் திசை உடைப்பு கிளம்பிய இடம். நாட்ச் அடியில் மட்டும் கொஞ்சம் பளபளப்பு இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நாட்சிலிருந்தும் சுத்தி விழுந்த பக்கத்திலிருந்தும் குறிப்பிட்ட தூரத்தை மதிப்பீட்டில் விட்டுவிடுவதே விதி.

இங்கே ஒரு தகராறு அடிக்கடி வரும். டஃப்னஸ் மிக அதிகமான தகட்டில், நாட்ச் பக்கம் முழுக்க நார்முறிவாக இருக்கும், ஆனால் சுத்தி பக்கம் திடீரென்று பளபளப்பு தோன்றும். தலைகீழ் முறிவு என்கிறார்கள். துண்டு வளையும்போது சுத்திக்குக் கீழே உள்ள எஃகு முதலில் நசுங்கிக் கடினமாகிவிடுவதால் வருவது இது. குழாயில் நடக்காத ஒன்று. மில்காரர் ‘இது தலைகீழ் முறிவு, கணக்கில் சேர்க்காதீர்கள்’ என்பார். இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்பந்தத்திலேயே இதை எப்படி மதிப்பிடுவது என்று எழுதிவிடுவது ஒன்றே தீர்வு. நாட்சுக்கு எதிர்ப்பக்கம் மட்டும் உள்ளதா, நடுத்தடிமனில் தொடர்கிறதா என்று பிரித்துச் சொல்லும் வாசகம் வேண்டும்.

19 மி.மீ. தாண்டிய தகட்டை மெலிதாகச் சீவிச் சோதிக்கவும் விதி இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்தால் சோதனை வெப்பநிலையை இறக்க வேண்டும். முடிந்தவரை முழுத் தடிமனிலேயே உடைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு வெப்பநிலையில் 85 வந்தது என்பதைவிட, 0, -10, -20, -30, -40 என்று இறக்கிக்கொண்டே போய் எங்கே சரிகிறது என்ற வளைவைக் கேட்டு வாங்குவது மேல். தேவை -10 என்றால் சரிவு -15இல் இருக்கும் தகடும் தேறும், -40இல் இருக்கும் தகடும் தேறும். காகிதத்தில் இரண்டும் ஒன்றே.

நடுக்கோடு

தகட்டைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் கடித்துப் பார்த்தால் நடுத்தடிமனில் ஒரு கருப்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லாப் உறையும்போது மாங்கனீஸும் பாஸ்பரஸும் கடைசியாக உறையும் நடுப்பகுதியில் சேர்ந்துவிடுவதால் வருவது அது. உருக்கை அளவுக்கு மீறிச் சூட்டோடு ஊற்றினால் கோடு தடிக்கும். 15 முதல் 25 டிகிரி மட்டும் கூடுதலாக வைத்து, உறையும் கடைசிக் கட்டத்தில் ரோலர்களால் லேசாக அமுக்கினால் மெலியும். இனிப்பு எரிவாயுவுக்கு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு இல்லாததற்கு, மெல்லிய விட்டுவிட்ட கோடு பரவாயில்லை. ஹைட்ரஜன் சல்பைடு உள்ள எரிவாயுவுக்கு அது கூடாது. அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் சரியாக அந்தக் கோட்டில் போய்த் திரண்டு உள்ளிருந்தே பிளக்கும்.

அதனால் இந்தத் தகட்டை அப்படியே சோர் சர்வீசுக்கு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு உள்ள வேலைக்கு, கொண்டுபோகாதீர்கள். எழுத்து ‘எம்எஸ்’ என்று முடியும் வகை வேறு சரக்கு. அதில் கந்தகம் அதிகபட்சம் 0.002, நல்ல மில்கள் 0.001க்கும் கீழே வைத்திருக்கும். மாங்கனீஸை 1.3, 1.4க்கு இறக்கி, இழந்த வலிமையை நியோபியம், குரோமியத்தால் ஈடுகட்டுவார்கள். மிஞ்சிய கந்தகத்தை உருண்டைத் துகளாக்கக் கால்சியம் சேர்ப்பார்கள். குறைந்தால் மாங்கனீஸ் சல்பைடு நீண்ட இழையாகும், கூடினால் கால்சியம் ஆக்சைடு கொத்தாகும். 96 மணி நேரம் அமிலக் கரைசலில் ஊறவைத்து, விரிசலின் நீள விகிதம் (சிஎல்ஆர்) 15, தடிமன் விகிதம் (சிடிஆர்) 5, உணர்வு விகிதம் (சிஎஸ்ஆர்) 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான ஏற்பு அளவு.

இந்த வகையில் கடினத்தன்மை வரம்பு 250 எச்வி10 (10 கிலோ சுமையில் எடுக்கும் விக்கர்ஸ் அளவு). ஆனால் மேற்பரப்பிலிருந்து 1.5 மி.மீ. உள்ளே குத்திப் பார்த்தால், தண்ணீர் பட்டுக் கடினமான மேல்தோல் தப்பிவிடும். காஸ்பியன் கடலின் கஷகான் எண்ணெய்க் களத்தில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிய சில வாரங்களிலேயே எரிவாயுக் குழாயில் கசிவு கண்டது. ஹைட்ரஜன் சல்பைடும் இழுவிசையும் சேர்ந்து உண்டாக்கும் விரிசலான சல்பைடு ஸ்ட்ரெஸ் கிராக்கிங்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. குழாய்கள் முழுக்க மாற்றப்பட்டு 2016இல்தான் உற்பத்தி மீண்டது. அதற்குப் பின் மேற்பரப்பின் உள்ளூர்க் கடினப் புள்ளிகளைப் பற்றிய கவனம் பல மடங்கு கூடியிருக்கிறது. சோர் தகடு வாங்குபவர், மேற்பரப்பிலிருந்து 0.25 மி.மீ. ஆழத்தில் சிறிய சுமையில் எடுத்த கடினத்தன்மையையும் கேட்க வேண்டும். 500 டிகிரியில் நிறுத்திய தகட்டுக்கும் 380இல் நிறுத்திய தகட்டுக்கும் வித்தியாசம் அங்கேதான் வெளிப்படும்.

தகடு குழாயாகும்போது

தகட்டுச் சான்றிதழில் 500 மெகாபாஸ்கல் ஈல்டு இருக்கிறது, தேவை 485தான், 15 மிச்சம் இருக்கிறது என்று வாங்குவது ஆபத்து. குழாயாக வளைத்து, உள்ளிருந்து அழுத்தி விரித்து, பிறகு சோதனைக்காக ஒரு பட்டையை வெட்டித் தட்டையாக நிமிர்த்தும்போது எஃகு எதிர்த் திசையில் ஒருமுறை வளைகிறது. அதனால் அளக்கும் ஈல்டு இறங்கும். பௌஷிங்கர் விளைவு என்பது இது. தகட்டின் அமைப்பையும், விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்து 20 முதல் 50 மெகாபாஸ்கல் வரை இறக்கம் பார்க்கலாம். ஃபெரைட்-பியர்லைட் தகட்டில் இறக்கம் அதிகம். ஊசி வடிவ ஃபெரைட், பெயினைட் அமைப்பில், இழுவை வளைவு தட்டைப் பகுதி இல்லாமல் வழவழவென்று ஏறும் தகட்டில், விரிப்பின்போது கடினமாவது இறக்கத்தை ஓரளவு ஈடுகட்டிவிடும். தகட்டு ஈல்டை 520 முதல் 560க்குள் குறிவைக்கச் சொல்வது நடைமுறைக்குச் சரி.

மேல் எல்லையையும் மறக்கக் கூடாது. ஈல்டுக்கும் இழுவிசை வலிமைக்கும் உள்ள விகிதம் குழாயில் 0.93 தாண்டக் கூடாது. தகட்டில் 0.85 இருந்தது விரித்தபின் ஏறும். எபாக்ஸி பூச்சுக்காகக் குழாயை 230 டிகிரி அளவுக்குச் சூடாக்கும்போது இன்னும் ஏறும். பூச்சுக்குப் பின் சோதிக்காமல் விடுவதால் இந்தக் கடைசி ஏற்றம் கண்ணில் படுவதில்லை. நிலம் நகரும், நிலநடுக்கம் வரும் பாதைகளுக்கு இது மிக முக்கியம்.

வெல்டிங்

இந்தப் பகுதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. மேலே சொன்ன கலவைக்கு பிசிஎம் (வெல்டில் வெடிக்கும் வாய்ப்பைக் காட்டும் கலவைக் குறியீடு) 0.17 சுற்றில் வருகிறது, வரம்பு 0.25. களத்தில் வெல்டு செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. தடித்த சுவருக்கும் மிதமான முன்சூடு போதும், ஹைட்ரஜன் விரிசல் அபாயம் குறைவு. ஆலையில் 25 மி.மீ.க்கு மேல் பக்கத்துக்கு ஒரு பாஸாக இரு பக்கமும் சப்மெர்ஜ்டு ஆர்க் (தூளுக்கு அடியில் ஆர்க் எரியும்) வெல்டு போடும்போதுதான் கவனம் வேண்டும். வெல்டை ஒட்டிய பகுதியில் தானியங்கள் பெருத்து, இரண்டாம் பாஸ் மறுபடி சூடாக்கும் இடத்தில் மார்டென்சைட்-ஆஸ்டினைட் தீவுகள் வரிசைகட்டும். சார்பி நாட்ச் சரியாக அங்கே விழுந்தால் 200 ஜூல் தகட்டில் 30 ஜூல் காட்டும். டைட்டானியம்-நைட்ரஜன் விகிதத்தைச் சரியாக வைத்த தகட்டில் இந்தச் சரிவு குறைவு. வெல்டு வெப்பத்தைத் தேவைக்கு மேல் கொடுக்காமல் இருப்பது குழாய் ஆலையின் பொறுப்பு.

எக்ஸ்80க்குப் போகலாமா

ஜெர்மனியில் 1990களின் தொடக்கத்திலேயே வெர்னே-ஷ்லூக்டெர்ன் பாதையில் 1,219 மி.மீ. விட்டத்தில் எக்ஸ்80 போடப்பட்டது. சீனாவின் இரண்டாவது மேற்கு-கிழக்கு எரிவாயுக் குழாயும் எக்ஸ்80தான். ஆக, அது சோதனைச் சரக்கு அல்ல. ஆனால் ஓடும் விரிசலை நிறுத்தத் தேவையான சார்பி சக்தியைக் கணக்கிடும் பழைய சமன்பாடுகள், 100 ஜூலுக்கு மேல் தேவை வரும்போது குறைத்துச் சொல்கின்றன. எக்ஸ்80இல் திருத்தக் காரணி போட வேண்டும், சில சமயம் முழு அளவு வெடிப்புச் சோதனை வரை போக வேண்டும். களத்தில் வெல்டு உலோகத்தைத் தகட்டைவிட வலிமையாக வைப்பதும் கடினம். வெல்டை ஒட்டிய பகுதி மென்மையாகிப்போவதும் உண்டு. நீண்ட நிலப்பாதை, திறமையான தானியங்கி வெல்டிங் குழு, பெரிய டன்னேஜ் இருந்தால் போகலாம். சிறிய திட்டத்துக்கு வேண்டாம். கடலடியில் கணக்கே வேறு. அங்கே சுவர் தடிமனை வெளியிலிருந்து நசுக்கும் நீரழுத்தமும் முடிவு செய்யும். வலிமையைக் கூட்டினாலும் சுவர் அந்த அளவுக்கு மெலியாது. 26.8 முதல் 41 மி.மீ. சுவரோடு போடப்பட்ட பால்டிக் கடலடி எரிவாயுக் குழாயான நார்ட் ஸ்ட்ரீம் 485 ரகத்திலேயே (எக்ஸ்70க்கு இணையானது) நின்றது.

ஆர்டரில் எழுத வேண்டியவை

ஏபிஐ 5எல்லை மட்டும் குறிப்பிட்டு ஆர்டர் கொடுத்தால் அந்த வரம்புக்குள் வரும் எதையும் மறுக்க முடியாது. கார்பன் 0.06, டைட்டானியம் 0.018 என்று தனி உச்சவரம்பு எழுதுங்கள். ஸ்லாபுக்கும் தகட்டுக்கும் உள்ள தடிமன் விகிதத்தையும், ஃபினிஷிங் குறைப்பு குறைந்தது 65 சதவீதம் என்பதையும் சேருங்கள். முதல் நாள் உற்பத்தியில் ஒரு தகட்டின் தலை, நடு, வால், இரு ஓரங்கள் என்று வெட்டிச் சோதிக்கக் கேளுங்கள். மில் தயங்கினால் காரணம் உண்டு. ஸ்லாப் உலைக்குள் தண்ணீர்க் குழாய் மேல் உட்கார்ந்திருந்த இடங்கள் குளிர்ந்த பட்டைகளாக வரும், அதையும் தகட்டின் நீளவாக்கில் வெப்பநிலைப் பதிவில் பார்க்கலாம். பட்டைக்கும் மற்ற இடத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் உலையில் ஊறும் நேரம் போதவில்லை.

கடைசியாக, தூக்கும் முறை. தகட்டைக் காந்தக் கிரேனால் தூக்கினால் எஃகில் காந்தம் தங்கிவிடும். குழாய் முனைகளில் அது சேர்ந்து, களத்தில் வெல்டு ஆர்க்கை ஒரு பக்கமாக ஊதித் தள்ளும். ரூட் பாஸ், அதாவது வெல்டின் முதல் அடுக்கு, பிடிக்காது. குழாய் முனையில் நான்கு அளவீடுகளின் சராசரி 30 காஸ், எந்த ஒரு அளவீடும் 35 காஸ் தாண்டக் கூடாது என்பது விதி. தகடு மில்லை விட்டுக் கிளம்பும்போதே இதை அளந்து பதியச் சொன்னால், பின்னால் காந்தம் எங்கே ஏறியது என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.